லினக்ஸில் பயனர் கணக்குகளும் குழுக்களும்: கேட்டவையும் பதில்களும்

சர்வர் பராமரிப்பில் பல வருடங்கள் இருந்துவிட்டேன். பயனர் கணக்கு பற்றி எதையும் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையப் பேர் கேட்டீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பில் எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்து என்று சொல்லாதவரை சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: வணக்கம் சார், பள்ளியில் கணினி ஆசிரியை நான். லேபில் 15 உபுண்டு கணினிகள், எல்லாவற்றிலும் ஒரே ஒரு கணக்குதான். போன வாரம் ஒரு மாணவியின் புராஜெக்ட் ஃபைலை அடுத்த பேட்ச் பையன் தெரியாமல் அழித்துவிட்டான். அவள் அழுததைப் பார்க்க முடியவில்லை. ஆளுக்கொரு கணக்கு எப்படிப் போடுவது? யூசர்ஆட் என்கிறார்கள், ஆட்யூசர் என்கிறார்கள். எது சரி?

பதில்: வணக்கம் டீச்சர். உபுண்டுவிலும் அதற்கு மூலமான டெபியனிலும் ஆட்யூசரையே பயன்படுத்துங்கள். சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்) ஆட்யூசர் என்று தட்டி, பக்கத்தில் மாணவியின் பயனர் பெயரைக் கொடுங்கள். கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்கும், முழுப்பெயர் கேட்கும், ஹோம் ஃபோல்டரையும் அதுவே உண்டாக்கிவிடும்.

யூசர்ஆட் அடித்தள வேலைக்கானது, சொன்னதை மட்டும் செய்யும். டெபியன் குடும்பத்தில் ஹைஃபன் எம் சேர்க்காமல் அதை ஓட்டினால் ஹோம் ஃபோல்டரே வராது, கடவுச்சொல்லும் இருக்காது. அந்த மாணவி லாகின் செய்ய முடியாமல் திகைத்து நிற்பாள். ரெட் ஹேட், ஃபெடோராவில் கதை வேறு. அங்கே ஆட்யூசர் என்பது யூசர்ஆடுக்கு இன்னொரு பெயர்தான், ஹோம் ஃபோல்டரும் தானாகவே உருவாகும். ஒரு வலைப்பக்கத்தில் படித்த கட்டளை உங்கள் கணினியில் வேறு மாதிரி நடந்துகொண்டால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கணக்கு போடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், கீழே வரும் கேள்விகள் எல்லாம் அதில்தான் வந்து நிற்கின்றன. லினக்ஸின் மையமான கெர்னலுக்கு உங்கள் மாணவியின் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓர் எண் மட்டும்: யூஐடி. எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கு 0. சாதாரணப் பயனர்களுக்கு 1000-இலிருந்து தொடங்கும். ஒவ்வொரு ஃபைலிலும் உரிமையாளர் என்று பதிவாவது அந்த எண்தான். எண்ணையும் பெயரையும் இணைத்து வைத்திருப்பது ஈடிசி ஃபோல்டரில் உள்ள பாஸ்வேர்டு கோப்பு (இதையும் பாஸ்வேர்டு கட்டளையையும் passwd என்று தட்டவேண்டும்), ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு புலங்கள், நடுவே முக்காற்புள்ளி. பெயரில் பாஸ்வேர்டு இருந்தாலும் இப்போது கடவுச்சொல் அதில் இல்லை. அதன் ஹேஷ், அதாவது திருப்பிப் படிக்க முடியாதபடி மாற்றிய வடிவம், ஷேடோ என்ற தனிக் கோப்பில் இருக்கிறது, அதைச் சாதாரணப் பயனர்கள் படிக்க முடியாது.

உங்கள் லேபுக்கு இன்னொரு வசதியும் சொல்கிறேன். ஈடிசியில் ஸ்கெல் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் நீங்கள் போட்டு வைப்பதெல்லாம் இனி ஆட்யூசரில் உருவாகும் ஒவ்வொரு ஹோம் ஃபோல்டருக்கும் நகலாகப் போகும். பாடத்திட்ட பிடிஎஃப், பயிற்சி ஃபைல்கள் எல்லாவற்றையும் கணக்கு போடுவதற்கு முன்பே அங்கே வைத்துவிடுங்கள்.

கேள்வி (அதே ஆசிரியை): ஒரு பையன் இன்னொருவனின் ஃபோல்டரைத் திறந்து பார்த்து விடை காப்பியடிக்க முடியுமா?

பதில்: உபுண்டு 21.04-க்கு முந்தைய பதிப்பென்றால் முடியும். அப்போதெல்லாம் ஹோம் ஃபோல்டரின் அனுமதி 755, யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் படிக்கலாம். 21.04 முதல் அதை 750 ஆக்கி, வெளியாட்கள் நுழைய முடியாதபடி செய்துவிட்டார்கள். ஆனால் பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய கணினியில் ஏற்கெனவே இருந்த ஃபோல்டர்கள் 755-இலேயே நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒருமுறை சிஎச்மாட் 750 கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, பெரிய தப்பு பண்ணிட்டேன். டாக்கர் (செயலிகளைக் கன்டெய்னர்ங்கிற தனிப் பெட்டியில் ஓட்டுற மென்பொருள்) குழுவில் என்னைச் சேர்க்க யூசர்மாட், பெரிய ஜி, டாக்கர், என் பெயர்னு அடிச்சேன். ரீஸ்டார்ட் பண்ணதும் சூடோ வேலை செய்யல. "நீ சூடோயர்ஸ் கோப்பில் இல்லை"ன்னு திட்டுது. கணினியை ஃபார்மட் பண்ணணுமா?

பதில்: வேண்டாம் தம்பி, பதறாதே. பெரிய ஜிக்கு முன்னால் சிறிய ஏ போட மறந்துவிட்டாய், அவ்வளவுதான். ஏ இருந்தால் "இதையும் சேர்". ஏ இல்லாவிட்டால் "இது மட்டும் போதும், மற்ற துணைக் குழுக்களிலிருந்தெல்லாம் எடுத்துவிடு" என்று பொருள். அது உன்னை சூடோ குழுவிலிருந்தும் எடுத்துவிட்டது. இந்தப் பள்ளத்தில் விழாத லினக்ஸ்காரர் குறைவு.

கணினியை ரீஸ்டார்ட் செய்து, தொடங்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடி. புது யூஈஎஃப்ஐ கணினி என்றால் எஸ்கேப்பைத் தட்டு. கிரப் மெனு வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய் ரெகவரி மோடைத் தேர்ந்தெடு, அதில் ரூட் என்ற வரியைத் தேர்ந்தால் ரூட் ஷெல் கிடைக்கும். அங்கே வட்டு படிக்க மட்டும் திறந்திருந்தால் மவுண்ட் கட்டளைக்கு ஹைஃபன் ஓ, ரீமவுண்ட் காற்புள்ளி ஆர்டபிள்யூ, ஒரு சாய்கோடு கொடுத்து எழுதக்கூடியதாக மாற்று.

இப்போது உடனே சூடோ குழுவில் சேர்த்துவிடாதே. பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். நீ இழந்தது சூடோ மட்டுமில்லை, ஏடிஎம் (adm), சிடிராம், பிளக்டெவ், எல்பிஅட்மின் என்று உபுண்டு முதல் பயனருக்குக் கொடுக்கும் மற்ற குழுக்களும் போயிருக்கும். குழுப் பட்டியலை மாற்றும்போது முந்தைய நகல் ஒன்றை யூசர்மாட் விட்டுவைக்கும்: ஈடிசி ஃபோல்டரில் குரூப் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு ஹைஃபன் ஒட்டியிருக்கும், அதுதான். அடுத்த மாற்றம் செய்தவுடன் அந்த நகலும் மாறிவிடும் என்பதால், முதலில் டிஃப் கட்டளையால் இரண்டையும் ஒப்பிட்டு எந்தெந்தக் குழுக்கள் போயின என்று தாளில் குறித்துக்கொள். பிறகு யூசர்மாட், ஹைஃபன் சிறிய ஏ, பெரிய ஜி, குழுக்களின் பெயர்களைக் காற்புள்ளியிட்டு இடைவெளியில்லாமல், கடைசியில் உன் பெயர். அவ்வளவுதான்.

இனிமேல் ஆட்யூசருக்கு உன் பெயரையும் குழுவின் பெயரையும் கொடு. டெபியன் குடும்பத்தில் அது சேர்க்க மட்டுமே செய்யும், எதையும் நீக்காது.

கேள்வி (அதே தம்பி): ரொம்ப நன்றி அண்ணா, வந்துடுச்சு! அப்போ டாக்கர் குழுவில் சேர்றதே தப்பா?

பதில்: உன் சொந்த மடிக்கணினியில் சேர்ந்துகொள். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர் கணினியின் முழு வட்டையும் ஒரு கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்து, உள்ளே ரூட்டாக எதையும் மாற்ற முடியும். கடவுச்சொல்கூடக் கேட்காது. அதனால் பலர் பயன்படுத்தும் சர்வரில் ஒருவரை டாக்கர் குழுவில் சேர்ப்பதும், அவருக்கு ரூட் கடவுச்சொல்லைக் கொடுப்பதும் ஒன்றுதான்.

கேள்வி: ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையைக் கணினியோடு இணைக்க டயல்அவுட் குழுவில் சேர்ந்துவிட்டேன். குரூப் கோப்பில் என் பெயர் இருக்கிறது. ஆனாலும் "அனுமதி இல்லை" என்றே வருகிறது.

பதில்: முழுதாக லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். லாகின் செய்யும் நேரத்தில்தான் குழுப் பட்டியல் ஒட்டப்படுகிறது, திறந்திருக்கும் சாளரங்கள் பழைய பட்டியலோடுதான் ஓடும். ஐடி என்று தட்டினால் இப்போது எந்தெந்தக் குழுக்கள் உங்கள் கையில் இருக்கின்றன என்று காட்டும். அவசரமென்றால் நியூஜிஆர்பி டயல்அவுட் கொடுங்கள், அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டும் வேலை செய்யும்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிற்றிதழ் கொண்டுவருகிறோம். ஒரே கணினி, நான்கு கணக்கு. ஒருவர் சேமித்த பக்கத்தை இன்னொருவர் திருத்தினால் சேமிக்க விடுவதில்லை. நண்பர் 777 போடச் சொன்னார். போட்டும் புது ஃபைல்களில் அதே தொல்லை.

பதில்: 777 போட்டதை முதலில் திரும்பப் பெறுங்கள். கணினியில் ஓடும் எந்தச் செயலியும் உங்கள் இதழை அழிக்கலாம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி அது. உங்களுக்கு வேண்டியதைத் தரத்தான் குழு என்ற ஏற்பாடே இருக்கிறது. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி, ஏனென்றால் குழுக்களின் முழுப் பயனும் இங்கேதான் தெரியும்.

ஆட்குரூப் கட்டளையால் இதழுக்கென்று ஒரு குழு உண்டாக்குங்கள். நால்வரையும் அதில் சேருங்கள். எவர் ஹோம் ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் எஸ்ஆர்வி ஃபோல்டருக்குள் இதழுக்கு ஓர் இடம் போடுங்கள். சிஎச்ஜிஆர்பி கொடுத்து அதைக் குழுவுக்குச் சொந்தமாக்கி, சிஎச்மாட் 2770 கொடுங்கள். 770 என்றால் உரிமையாளரும் குழுவும் எல்லாம் செய்யலாம், வெளியாட்களுக்கு ஒன்றுமில்லை. முன்னால் நிற்கும் 2-க்கு செட்ஜிஐடி என்று பெயர். அது இருந்தால் உள்ளே யார் புது ஃபைல் உண்டாக்கினாலும் அது அவருடைய சொந்தக் குழுவுக்குப் போகாமல் இதழ்க் குழுவுக்கே போகும். உள்ளே பிறக்கும் புது ஃபோல்டர்களுக்கும் அந்த 2 தானாக ஒட்டிக்கொள்ளும்.

பாதி வேலை முடிந்தது. குழு சரியாக இருந்தாலும் எழுதும் அனுமதி இல்லாமல் ஃபைல் பிறக்கலாம், அதைத் தீர்மானிப்பது உமாஸ்க். டெர்மினலில் உமாஸ்க் என்று மட்டும் தட்டிப் பாருங்கள். 0002 வந்தால் நல்லது. 0022 வந்தால் புது ஃபைலைக் குழுவினர் படிக்கலாம், எழுத முடியாது. நீங்கள் சொல்லும் தொல்லை அதுதான், 777 போட்டும் தீராததற்குக் காரணமும் அதுவே: 777 அன்றிருந்த ஃபைல்களுக்கு, உமாஸ்க் இனி பிறக்கும் ஃபைல்களுக்கு. நால்வருக்கும் தனித்தனியாக உமாஸ்க் மாற்றுவதை விட, அந்த ஃபோல்டருக்கு மட்டும் செட்எஃப்ஏசிஎல் கட்டளையால் இயல்புநிலை அனுமதி வைப்பது எனக்குப் பிடித்த வழி. ஹைஃபன் சிறிய டி, ஹைஃபன் சிறிய எம் இரண்டையும் கொடுத்து, குழுவுக்கு ஆர்டபிள்யூஎக்ஸ் என்று எழுதினால் போதும். யாருடைய உமாஸ்க் எதுவாக இருந்தாலும் அங்கே குழுவுக்கு எழுதும் உரிமை கிடைக்கும்.

ஒன்று மட்டும் உங்கள் நால்வருக்கும் பழகவேண்டும். ஹோம் ஃபோல்டரிலிருந்து இதழ் ஃபோல்டருக்கு எம்வி செய்தால் ஃபைல் தன் பழைய குழுவையும் பழைய அனுமதியையும் சுமந்துகொண்டே வரும். சிபி செய்தால் புது ஃபைலாகப் பிறந்து இதழ்க் குழுவுக்கு வரும். "எல்லாம் சரியாயிடுச்சு, ஆனா சில பக்கம் மட்டும் திறக்கமாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: ஐயா, பாஸ்வேர்டு கோப்பைத் திறந்தேன். என் ஒருவன் கணினியில் 40 பேர் பெயருக்கு மேல் இருக்கிறது! யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?

பதில்: இல்லை, நிம்மதியாக இருங்கள். அவர்கள் ஆட்கள் இல்லை, பின்னணியில் ஓடும் சேவைகள். டெபியன், உபுண்டுவில் வெப் சர்வருக்கு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, எண் 33. நோபடிக்கு 65534. ஒரு சேவையில் ஓட்டை விழுந்தாலும் சேதம் அந்தக் கணக்கின் எல்லைக்குள் நிற்கவேண்டும் என்றுதான் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றின் வரியில் கடைசிப் புலம் நோலாகின் என்று முடியும், அதில் யாரும் உள்ளே உட்கார முடியாது. உங்கள் பெயர் தவிர 1000-க்கு மேல் தெரியாத ஒன்றோ, ரூட் அல்லாத பெயரில் எண் 0-வோ இருந்தால்தான் கவலைப்படவேண்டும்.

கேள்வி: தமிழில் பயனர் பெயர் வைக்கலாமா?

பதில்: லாகின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே வையுங்கள். 32 எழுத்துக்கு மிகக் கூடாது, எண்ணில் தொடங்கவேண்டாம். முழுப்பெயர் என்ற புலம் தனி, அதில் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். லாகின் திரையில் அந்தப் பெயர்தான் தெரியும். என் வீட்டுக் கணினியில் எல்லோர் பெயரும் தமிழில்தான் இருக்கிறது.

கேள்வி: சின்ன அலுவலகம் எங்களுடையது. ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அவர் கணக்கை யூசர்டெல் செய்துவிடலாமா?

பதில்: உடனே அழிக்காதீர்கள், பூட்டுங்கள். பாஸ்வேர்டு கட்டளைக்கு ஹைஃபன் எல் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கடவுச்சொல்லை மட்டும்தான் பூட்டும். தொலைவிலிருந்து கடவுச்சொல் இல்லாமலே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் வீட்டிலிருந்தே உள்ளே வந்துவிடுவார். யூசர்மாடுக்கு இரண்டு ஹைஃபன் போட்டு எக்ஸ்பயர்டேட் 1 என்று கொடுத்துக் கணக்கையே காலாவதியாக்குங்கள். பிறகு அவர் பெயரில் ஓடுபவற்றை நிறுத்துங்கள், குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலான அவருடைய கிரான்டேபையும் பாருங்கள். இரவு பேக்கப் அவர் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரியவரும்.

அழிக்கவேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு நான் வேலைபார்த்த ஓர் இடத்தில் ஒருவர் விலகிய அன்றே கணக்கை அழித்துவிட்டேன். ஹோம் ஃபோல்டர் போனது, ஆனால் பகிர்வு வட்டில் அவர் வைத்திருந்த சம்பள விவர ஃபைல்கள் அங்கேயே இருந்தன, உரிமையாளர் இடத்தில் 1007 என்ற வெறும் எண்ணோடு. அடுத்த மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கணக்கு போட்டேன். காலியான முதல் எண் 1007, ஆட்யூசர் அதையே கொடுத்துவிட்டது. அத்தனை பேர் சம்பளமும் அவருக்குச் சொந்தமாகிவிட்டன. அந்தப் பெண்ணே வந்து "சார், இதெல்லாம் ஏன் என் பெயரில் இருக்கு?" என்று கேட்டார். அன்று எனக்கு உண்டான நடுக்கம் இன்னும் மறக்கவில்லை.

அதனால் சில மாதம் பூட்டியே வையுங்கள். அழிக்கும் நாள் வந்ததும் ஃபைன்ட் கட்டளைக்கு ஹைஃபன் யூசர் கொடுத்து அவர் பெயரில் உள்ள ஃபைல்களை எல்லா வட்டுகளிலும் தேடி, இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிட்டுப் பிறகு அழியுங்கள். ஏற்கெனவே அழித்தாகிவிட்டது என்றால் ஹைஃபன் நோயூசர் என்று தேடுங்கள், அனாதையாகக் கிடக்கும் ஃபைல்கள் எல்லாம் வரும்.

கேள்வி (ஆசிரியை): சார், ஒரு கணினியில் எட்டுக் கணக்கு போட்டுவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. மீதியை மொத்தமாகப் போட வழி உண்டா? பிள்ளைகள் கடவுச்சொல்லை மறந்தால் நான் எங்கே பார்ப்பது? ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டுமா?

பதில்: மொத்தமாகப் போட நியூயூசர்ஸ் இருக்கிறது. பாஸ்வேர்டு கோப்பைப் போலவே ஏழு புலங்களோடு ஆளுக்கொரு வரி எழுதி, கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஒரே மூச்சில் போட்டுவிடும். எண்களின் இடத்தைக் காலியாக விட்டால் அதுவே நிரப்பிக்கொள்ளும். இரண்டாம் புலத்தில் கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாக இருக்கும் என்பதால் அந்தக் கோப்புக்கு 600 அனுமதி வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

நோட்டு வேண்டாம் டீச்சர். மாணவரின் கடவுச்சொல்லை நீங்களோ நானோ ரூட்டோ பார்க்க முடியாது, அங்கே இருப்பது ஹேஷ் மட்டும். உபுண்டு 22.04-இல் யெஸ்கிரிப்ட் முறையில் வைத்திருக்கிறார்கள், அதைத் திருப்பிப் படிக்க வழியில்லை. மறந்த பிள்ளை வந்தால் சூடோ பாஸ்வேர்டு கட்டளையோடு அவள் பெயரைக் கொடுத்து தற்காலிகமாக ஒன்று வையுங்கள். உடனே சிஎச்ஏஜிஇ கட்டளைக்கு ஹைஃபன் டி, 0, அவள் பெயர் கொடுங்கள். அடுத்த முறை உள்ளே வரும்போதே புதிதாக ஒன்று வைக்கச் சொல்லிக் கேட்கும். புதியது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.