1,800 ரூபாய் அறையில் சுத்தமான விரிப்பு கேட்டால் தப்பா?

கேள்வி: தேக்கடியில் காலையில் முதல் படகைப் பிடிக்கலாம் என்று மாமியார், மகனோடு முந்தின நாளே குமுளிக்குப் போனோம். செல்போன் ஆப்பில் படம் பார்த்து, 1,800 ரூபாய் கட்டிப் பிடித்த லாட்ஜ். படத்தில் பார்த்த அறை வேறு, கொடுத்த அறை வேறு. சுவரெல்லாம் ஓதம், கீசர் ஓடவில்லை, மெத்தையில் மூட்டைப்பூச்சி. ராத்திரி 11 மணிக்குக் காலி செய்துவிட்டு மலையிறங்கினோம். மேனேஜர் பணம் தர மறுத்துவிட்டார். "1,800 ரூபாய்க்கு அரண்மனையா கிடைக்கும், விடு" என்கிறார் வீட்டுக்காரர். கேரளா போய்க் கேஸ் போட முடியுமா? மகனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வேறு.
- வாசகி, சின்னமனூர்

பதில்: முதலில் அந்தப் பையைக் கவனியுங்கள் சகோதரி. ஊருக்குக் கொண்டுபோன பை இன்னும் கட்டிலடியில்தானே கிடக்கிறது? மூட்டைப்பூச்சி தையல் மடிப்பில் ஒளிந்து வீட்டுக்கே வந்துவிடும், இரை இல்லாமலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். துணிகளைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் முக்கித் துவையுங்கள். பையை வாசலில் வைத்து உதறி, மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். மெத்தையில் பூச்சிமருந்து அடித்துவிட்டு அதன்மேல் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். இந்தக் கடியால் நோய் பரவுவதாகத் தெரியவில்லை. ஆனாலும் தடிப்பு அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, வழக்குக்கு வருவோம். கேரளாவுக்கெல்லாம் போகவேண்டாம், மலையாளமும் வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்குத் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நடந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. லாட்ஜோடு, படத்தைக் காட்டிப் பணம் வாங்கிய ஆப்பையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போகாதீர்கள். ஆப்பில் இருக்கும் அந்த அழகான படத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். பணம் கட்டிய மெசேஜ், மெத்தையைப் படம் எடுத்திருந்தால் அது, எல்லாவற்றையும் சேர்த்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டு இரு தரப்புக்கும் எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால் ஆணையம். 1,800 ரூபாய்க்காக இத்தனை அலைச்சல் வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். நானாக இருந்தால் கடிதமும் 1915-ம் வரைக்கும் நிச்சயம் போவேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதிதான் சரி. குறைந்த வாடகை அறையில் டிவி இல்லையா, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவரா, பொறுத்துக்கொள்ளலாம். ஓதத்தைக்கூட நான் கொஞ்சம் மன்னிப்பேன். ஜூனில் பிடிக்கிற மழை இடுக்கி மலையில் சொந்த வீட்டுச் சுவரையே விட்டுவைக்காது. துவைத்த விரிப்பும் பூச்சியில்லாத மெத்தையும் எந்த வாடகைக்கும் கொடுத்தாக வேண்டியவை. அரண்மனையை யார் கேட்டது?

உங்களையும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேலே போய் அறையைப் பார்த்த பிறகுதானே லெட்ஜரில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்? நானும் ஒருமுறை வண்டிப்பெரியாறு பக்கம் அலுப்பில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, விடியவிடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் விரிப்பைத் தூக்கி மெத்தையின் ஓரத் தையலைப் பார்ப்பேன். கரும்புள்ளிகள் இருந்தால் பையைக்கூடக் கீழே வைப்பதில்லை. ரூம்பாய் முறைப்பான், முறைக்கட்டும். குமுளியில் தமிழ் புரியாத ரூம்பாய் அபூர்வம், வேறு அறை கேட்க பாஷை ஒரு தடையே இல்லை.

அப்புறம், மாமியாருக்கு இன்னும் படகு பாக்கி இருக்கிறதே. முதல் படகு காலை 7.30-க்கு. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டு விடியற்காலையில் சின்னமனூரிலிருந்தே கார் வைத்துப் போய்விடுங்கள்.