400 பவுண்டு மேப்பிள் சர்க்கரைன்னா எத்தனை கேலன் சிரப்?

கேள்வி: அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்து பண்ணை ஒண்ணோட பழைய கணக்கு நோட்டுல ஒரு வருஷம் 400 பவுண்டு மேப்பிள் சர்க்கரைன்னு இருக்கு, அடுத்த வருஷம் 60 கேலன் சிரப்னு இருக்கு. எந்த வருஷம் மகசூல் ஜாஸ்தி?

பதில்: சிரப் வருஷம்தான். மேப்பிள் மரத்து சாறை காய்ச்சி வத்த வெச்சா சிரப், அதையே இன்னும் காய்ச்சினா சர்க்கரை. 1 கேலன் சிரப்பை காய்ச்சினா 8 பவுண்டு சர்க்கரைன்னு அங்க ரொம்ப காலமா ஒரு கணக்கு உண்டு, அதால வகுத்தா உங்க 400 பவுண்டு 50 கேலன்தான் ஆகுது.

ஆனா அந்த 8 எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டாதான் நோட்டை சரியா படிக்க முடியும். ஒரு அமெரிக்க கேலன் சிரப் எடை போட்டா 11 பவுண்டு சொச்சம் வரும், அதுல மூணுல ரெண்டு பங்குதான் இனிப்பு, மீதி தண்ணி, அப்போ உள்ள இருக்குற சர்க்கரை சுமார் 7.4 பவுண்டுதான். மிச்சம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, ஈரம்! தண்ணி கொதிக்கிற சூட்டை விட 4 டிகிரி செல்சியஸ் மேல போனா சிரப் பதம், 25 டிகிரி கிட்ட மேல போய் கிளறி எடுத்தா உலர்ந்த தூள், அதுக்கு முன்னாடியே இறக்கி அச்சுல ஊத்தினா ஈரக்கட்டி, அந்த ஈரமும் சேர்ந்துதான் தராசுல நிக்குது. அதனால நோட்டுல இருக்குறது உலர்ந்த சர்க்கரைன்னா 7.5ஆல வகுங்க, 53 கேலன் வரும். அப்பவும் 60தான் பெருசு.

கனடா நோட்டுன்னா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க, அங்க பழைய கேலன் 4.55 லிட்டர், அமெரிக்க கேலன் 3.79 லிட்டர்தான். இதை கவனிக்காம விட்டா மொத்த கணக்கும் அஞ்சுல ஒரு பங்கு தப்பிடும்.

கேள்வி: கையில மேப்பிள் சர்க்கரைதான் இருக்கு, அதை திரும்ப சிரப் ஆக்கலாமா? எவ்வளவு கிடைக்கும்?

பதில்: தாராளமா ஆக்கலாம். 1 கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணி விட்டு கரையிற வரைக்கும் சூடு பண்ணுங்க, 1.1 லிட்டர் சிரப் கிடைக்கும். கட்டியா இருந்தா தண்ணியை கொஞ்சம் குறைச்சுக்கோங்க, அதுலயே ஈரம் இருக்கு. சமையல் குறிப்புல 200 கிராம் சர்க்கரைன்னு போட்டிருந்து நீங்க சிரப் ஊத்தறதா இருந்தா 225 மில்லி வேணும், அதோட 100 மில்லி தண்ணியும் சேர்ந்து வரும், அந்த அளவுக்கு பாலோ தண்ணியோ குறைச்சே ஆகணும். சர்க்கரையை மட்டும் கப்புல அளக்காதீங்க, தூளுக்கும் கட்டிக்கும் நடுவுல இடைவெளி மாறும், தராசுல வெச்சே எடுங்க.