மூன்றரை வயதுக்காரனுக்கு யார் உம் கொட்டுவது?

இங்கிலாந்தில் ஸ்லவ் வந்து நாலு மாதம் ஆகிறது, அவிநாசியில் இருந்தவரை வாய் ஓயாமல் பேசிய மூன்றரை வயதுப் பையன் நர்சரியில் வாயே திறப்பதில்லை, "வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்று அங்கே ஒருவர் சொல்லிவிட்டார், கதை கேட்காமல் தூங்காதவன் இப்போது டேப்லெட் கேட்டு அழுகிறான், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள் தங்கச்சி. பதில் சொல்ல எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. அந்த அறிவுரையை நம்பி நடந்து பார்த்தவள் நான்.

உங்களுக்குப் பக்கத்து ஊர்தான், ரெடிங். பதினோரு வருடமாகிறது. ஆங்கிலத்தில் 'படித்தல்' என்கிற சொல்லின் அதே எழுத்துகளை எழுதிவிட்டு வாயால் வேறு மாதிரி சொல்கிற ஊர், என் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வாரமே ரயில் நிலையத்துப் பலகையைப் பார்த்து "அம்மா, தப்பா எழுதிருக்காங்க" என்று சண்டை போட்டாள். பள்ளி லீவுக்கு இப்போது கோபிச்செட்டிப்பாளையத்தில் அம்மா வீட்டில் இருக்கிறோம். ஆடிக் காற்று தென்னை மட்டையையெல்லாம் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறது, திண்ணையில் உட்கார்ந்து போனில் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு மூன்று வயதில் நர்சரியில் இதேபோல ஒருவர் சொன்னார். நாங்களும் பயந்துபோய் மறுநாளே வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினோம். என்ன ஆங்கிலம்? ஆபீஸ் ஆங்கிலம். மீட்டிங்கில் பேசுகிற ஆங்கிலத்தில் குழந்தையை எப்படிக் கொஞ்சுவது, எப்படி அதட்டுவது, சோறு ஊட்டும்போது என்ன சொல்லி ஏமாற்றுவது? பேச்சு தானாகக் குறைந்துவிட்டது. உடுத்து, சாப்பிடு, கிளம்பு, இந்த மூன்று வேலைக்கு மட்டும் பேசினோம். எட்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தபோது அம்மா வட்டலில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்து "சாப்புடு சாமி" என்றார். இவள் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "அவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அடுப்படிக்குள் போய் ரொம்ப நேரம் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தார். அன்று ராத்திரியே அந்த அறிவுரையைக் குப்பையில் போட்டோம்.

அதனால் முதலில் அதை விடுங்கள். புது மொழிக்குள் தூக்கிப் போட்ட குழந்தைகள் சில வாரமோ சில மாதமோ வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது சகஜம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பின்தங்கிவிடாது என்பதுதான் பேச்சு சிகிச்சை நிபுணர்கள் சொல்வது, வீட்டு மொழியைக் கைவிடச் சொல்வதை அவர்களே ஏற்பதில்லை. எத்தனை சொல் தெரியும் என்று யாராவது கேட்டால் தமிழ்ச் சொல்லையும் சேர்த்து எண்ணிச் சொல்லுங்கள், இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. தமிழிலும் பேச்சு நின்றுபோனாலோ, சொல்வது புரியாதவன் மாதிரி இருந்தாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ அது வேறு விஷயம், தள்ளிப்போடாமல் ஹெல்த் விசிட்டரிடமோ (சிறு குழந்தைகளைக் கவனிக்கிற நர்ஸ்) ஜிபியிடமோ (குடும்ப டாக்டர்) சொல்லிக் காதைப் பரிசோதிக்கக் கேளுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மகன் வீட்டில் இன்னும் பேசுகிறான். அவனுக்குக் குறை வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவிநாசியில் அவனுக்கு ஆள் இருந்தது. அப்பாரு, ஆத்தா என்று தாத்தா பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, பால் ஊற்றுகிறவர், வந்து போகிற ஒரம்பரை சொந்தக்காரர்கள், யாராவது ஒருத்தர் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். ஸ்லவ்வில் இரண்டு அறை பிளாட்டில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் யாரிடம் சொல்வான்? குழந்தைக்கு நிறையக் கதை சொல்ல வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், சரிதான், ஆனால் அவன் சொல்லும்போது உம் கொட்ட ஒரு ஆள் வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆள் என் அப்பா, பிள்ளைகளுக்கு அப்புச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு வீடியோ கால். கோபியில் அப்போது குளிர்காலமானால் மணி மூன்று, கோடையானால் இரண்டு (அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைப்பது அப்பாவுக்கு இன்னும் பிடிபடவில்லை, "உங்கூருல நேரத்தக் கூட மாத்திக்குவாங்களா" என்பார்). போன வருடம் என் மகனுக்கு நாலு வயது. பார்க்கில் அணிலைப் பார்த்துவிட்டு வந்திருந்தான், அங்கே இருப்பது பெரிய சாம்பல் நிற அணில், முதுகில் மூன்று கோடு கிடையாது. "அப்புச்சி, இந்த அணிலுக்கு ஏன் கோடு இல்ல?" என்றான். நானாக இருந்தால் அது வேறு இனம் என்று விளக்கியிருப்பேன், பேச்சு அதோடு முடிந்திருக்கும். அப்பா, "நானென்னத்தக் கண்டேன், நான் அங்க வந்ததில்லையே, நீயே சொல்லு" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தான். "இங்க எப்பவும் மழை. நனைஞ்சு அழிஞ்சுபோச்சு."

"உம்."

"அப்புறம் அது கோடு தேடி கோபிக்கு வந்துச்சு."

"உம். எதுல வந்துச்சு?"

"ஏரோபிளேன்ல. சீட் பெல்ட் போட்டுட்டு."

"உம். வவுறு பசிச்சிருக்குமே?"

இருபத்தைந்து நிமிடம். அணில் கொடிவேரி அணையில் குளித்தது, கட்டுத்தரையில் மாட்டோடு சண்டை போட்டது, அம்மிச்சி, அதாவது என் அம்மா, விபூதியைக் குழைத்து மூன்று கோடு போட்டு அனுப்பினார்கள். அடுத்த வாரம் அது திரும்ப ரெடிங் வந்து மழையில் நனைந்தது. அந்தத் தொடர் தீபாவளி வரைக்கும் ஓடியது. இத்தனைக்கும் அப்பா கதை சொல்வதில் கெட்டிக்காரர் கிடையாது, உம் போடுவதில்தான் கெட்டிக்காரர்.

இதை யோசித்துப் பார்த்தால் நம் பக்கத்தில் இது பழைய வழக்கம்தான். அண்ணன்மார் கதையை (பொன்னர் சங்கர் கதைதான்) ராத்திரி ராத்திரியாக உடுக்கையடித்துப் பாடுகிறவர்கள் தனியாகப் பாடுவதில்லையே, பக்கத்தில் துணைக்கு ஒருவர் இருந்து அடியை வாங்கிச் சொல்வார். 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் அந்தப் பாட்டை டேப்பில் பதிந்துவைத்தார், பல வருடம் கழித்து கனடாவிலிருந்து அதை 26 பகுதி கார்ட்டூனாகவே கொண்டுவந்தார். மகளுக்குக் காட்டினேன். உங்கள் மகனுக்கு இப்போது வேண்டாம், சண்டையும் சாவும் நிறைய, எட்டு வயதுக்கு மேல் பார்க்கட்டும்.

அப்புறம், நம்ம ஊர்ப் பேச்சைப் பேசலாமா இல்லை புத்தகத் தமிழா என்று கேட்டிருந்தீர்களே. நம்ம ஊர்ப் பேச்சுதான், சந்தேகமே வேண்டாம். மகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒருமுறை "வட்டல் இல்லை, தட்டு என்று சொல்லணும்" என்று திருத்திவிட்டார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, "அம்மிச்சி தப்புத் தப்பாப் பேசறாங்களா?" என்றாள். அவங்ககிட்ட ஒரு சொல்தான் இருக்கு, நம்மகிட்ட ரெண்டு இருக்கு என்று சொன்னேன். அன்றிலிருந்து அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. பொடக்காலி, அட்டாலி, போசி, சீமாறு, ஒடக்கான் என்று அம்மிச்சி சொல்வதையெல்லாம் சேர்த்து, வகுப்பில் யாருக்கும் தெரியாத சொல்லாகப் பார்த்து அவிழ்த்துவிடுவாள். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர்கள் பேசுவதைக் 'கதைக்கிறது' என்பார்கள் இல்லையா, முதல் நாள் வீட்டுக்கு வந்து பொறாமையோடு சொன்னாள், "அம்மா, அவங்க வீட்டுல எல்லாரும் எப்பவும் கதையே சொல்லிட்டிருப்பாங்களாம்!" அவர்களோடு பழகுங்கள், அங்கே தமிழ் அவர்களால்தான் தெருவில் கேட்கிறது.

எழுத்து பற்றி இப்போதே கவலைப்படாதீர்கள். நான் 247 எழுத்து சார்ட் வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டினேன், அது சுருண்டு ஒரு நாள் சாம்பாரில் விழுந்தது. நாலு வயதில் பள்ளியின் முதல் வருடமான ரிசப்ஷன் வகுப்பில் சேர்ந்ததும் ஆங்கில எழுத்தின் ஒலியைச் சேர்த்துப் படிக்கிற ஃபோனிக்ஸ் தொடங்கிவிடுவார்கள், அது தானாக நடக்கும். தமிழ் எழுத்து ஆறு வயதில் வந்தாலும் கெட்டுப்போகாது. அதற்குள் சொல்லை வைத்து விளையாடவிடுங்கள். குளிக்கும்போது விடுகதை போடுங்கள், "ஒரு குடத்தில் ரெண்டு தைலம்" எங்கள் வீட்டில் ஒரு மாதம் ஓடியது. முட்டை என்று விடை தெரிந்த பிறகும் தினமும் கேட்கச் சொன்னான். "யாரு தச்ச சட்டை"யை வேகமாகச் சொல்லி நீங்கள் நாக்குக் குளறினால் அவனுக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

புத்தகத்துக்கு அதிகம் செலவு செய்ய வேண்டாம். நூலக அட்டை குழந்தைக்கும் இலவசம், உடனே எடுத்துவிடுங்கள். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அச்சான படப் புத்தகம் உங்கள் கிளையில் இல்லாவிட்டால் வேறு கிளையிலிருந்து வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள். அவற்றில் தமிழ் சில சமயம் மரக்கட்டை மாதிரி இருக்கும், அப்படியே வாசிக்காதீர்கள், படத்தைக் காட்டி உங்கள் வாயால் சொல்லுங்கள். பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டும் கொள்ளலாம். ஊருக்கு ஆகஸ்டில் வர முடிந்தால் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு அவனையும் கூட்டிப்போங்கள், அவனே எடுக்கட்டும், நாங்கள் போன தடவை 23 கிலோ பெட்டியில் எட்டு கிலோ புத்தகம் கொண்டுபோய், மிளகாய்த்தூளை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஆங்கிலம் கலந்து பேசினால் திருத்த வேண்டாம். "நான் ஃபால் பண்ணிட்டேன்" என்றால் "அடடா, விழுந்துட்டியா, எங்க விழுந்த?" என்று கேளுங்கள், சரியான சொல் அவன் காதில் விழுந்துவிட்டது, கதையும் நிற்கவில்லை. ராத்திரி அவன் சொல்வதை ஒரு நோட்டில் சொன்னது சொன்னபடி எழுதி மறுநாள் வாசித்துக் காட்டுங்கள். நான் ஒருநாள் சோம்பலில் ஒரு வரியை விட்டுவிட்டேன். "மாடு சாரி சொன்னதக் காணோம்" என்று என் மகன் பிடித்துவிட்டான்.

உங்கள் வீட்டில் நேரம் ஒத்துவராவிட்டால் வாட்ஸப்பில் குரல் பதிவு போதும். அப்பாரு ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி அனுப்பட்டும், மீதியைப் பையன் பதிந்து அனுப்பட்டும். இரண்டு நிமிடத்துக்குள் முடிக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் அம்மா முதல் தடவை அனுப்பியது பதினேழு நிமிடம், அதில் நரி வருவது கடைசி மூன்று நிமிடத்தில்தான், அதற்கு முன்பு முழுக்கக் கறிவேப்பிலைச் செடியைக் கரையான் அரித்த விவரம். மகன் இரண்டையும் ஒரே கதையாக எடுத்துக்கொண்டு, கரையானைத் துரத்த நரி வந்ததாகப் பதில் அனுப்பினான்.