பந்து தட்டும் புல்தரையில் கோரை: செம்மண் லோடை நிறுத்துங்கள்

கேள்வி: ஐயா, கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றிய பழைய வீட்டின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பின்கட்டை ஒட்டி 5 சென்ட்டில், கோல்ஃப் பந்து தட்ட டிஃப்ட்வார்ஃப் புல் போட்டார்கள். முதலில் மெல்லிசாக இருந்தது. இப்போது கோரையும் முரட்டுப்புல்லும் ஏறிவிட்டன. பந்து நேராக ஓடவில்லை. தையில் ஒரு டிராக்டர் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து பரப்பினோம். மாதம் 5 கிலோ யூரியா, தினமும் சாயங்காலம் தண்ணீர். கடைக்காரர் 2 கிலோ ‘பென்ட்’ விதையை மேலே தூவச் சொல்கிறார். தூவலாமா? கோரைக்கு என்ன மருந்து?

பதில்: தூவாதீர்கள். பென்ட் குளிர்நாட்டுப் புல். 15 முதல் 24 டிகிரியில்தான் அதற்குச் சுகம். மார்கழியில் முளைத்து ஆசை காட்டும், சித்திரையில் கருகும். அதே கடையில் ‘டிஃப்ட்வார்ஃப் விதை’ என்று பொட்டலம் நீட்டினாலும் வாங்காதீர்கள். அது இரண்டு அருகு இனங்கள் சேர்ந்த மலட்டு ஒட்டு, தண்டு நட்டுத்தான் பெருக்க முடியும். பொட்டலத்தில் இருப்பது சாதாரண அருகு விதையாகத்தான் இருக்கும்.

கோரைக்கு ஹாலோசல்ஃப்யூரான் மீதைல் 75 சதம் கேட்கும். கரும்புக்கு ஹெக்டேருக்கு 90 கிராம் கணக்கு. உங்கள் 5 சென்ட்டுக்கு 2 கிராம்கூட வராது. கை மதிப்பில் கொட்டினால் நல்ல புல்லும் அடிவாங்கும். ஆனால் கோரை எப்படி வந்தது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? அந்த டிராக்டரில்தான் வந்தது. செம்மண்ணில் கிழங்கு, தொழுவுரத்தில் களைவிதை. ஒரு லோடு 100 கன அடி என்றால் 5 சென்ட்டில் 14 மில்லிமீட்டர் கனம். மெல்லிய புல்லைப் புதைத்து, மேலே தண்ணீர் இறங்காத ஓடு கட்டிவிட்டீர்கள். கத்தியால் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு துண்டு அறுத்துப் பாருங்கள்: நடுவே சிவப்புப் பட்டை, அதன் அடியில் கருத்து நாற்றமடிக்கும் மண் தெரிந்தால் வேர் அதற்குக் கீழே போயிருக்காது.

இனி மேலே போடுவது மணல் மட்டும். செம்மண் வேண்டாம், எரு ஒரு கூடைகூட வேண்டாம். ரவை அளவுப் பருமன், அதாவது கால் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை. எம்-சாண்டில் தூள் அதிகம், பி-சாண்டில் அதைவிட அதிகம், இரண்டும் கெட்டித்துக்கொள்ளும். கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசி மணல், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் சேற்றுப் படிவு நகக் கனம் நின்றால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். ‘கழுவின மணல்’ என்ற வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

ஆனி, ஆடியில் புல் வேகமாகப் படரும்போது, 12 மில்லிமீட்டர் குழல் முள்ளால் (மண்ணை உருவி எடுக்கும் குழாய் முனை) 7, 8 சென்டிமீட்டர் ஆழத்தில், 5 சென்டிமீட்டர் இடைவெளியில் துளையிடுங்கள். வெளிவரும் மண்ணை முழுக்க அள்ளிவிட்டு, துளை நிறையக் காய்ந்த மணல். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 1 மில்லிமீட்டர் கனம். 5 சென்ட்டுக்கு சிமென்ட் சாக்கில் ஆறு சாக்கு பிடிக்கும். தேங்காய்நார் மிதியடியைக் கவிழ்த்துப் போட்டு இழுத்தால் மணல் புல்லிடுக்கில் இறங்கும். ஈரமணல் இறங்காது, திட்டாக நிற்கும். புரட்டாசிக்குள் துளை வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் துளைபோட்டால் ஆறாது.

யூரியா பாதிக்கு மேல் வீண். அது இலையையும், அடியில் செத்த தண்டும் வேரும் சேர்ந்த பஞ்சு மெத்தையையும்தான் வளர்க்கிறது. மாதம் இரண்டு தவணை, தவணைக்கு 1.2 கிலோ அம்மோனியம் சல்பேட் போதும்; போட்டதும் தண்ணீர் விட்டு இலையைக் கழுவுங்கள். தண்ணீரை விடியற்காலைக்கு மாற்றி, புல் லேசாக வாடத் தொடங்கிய பிறகு ஆழமாகப் பாய்ச்சுங்கள். தினசரி ஈரம் கோரைக்குத்தான் கொண்டாட்டம்.

வெட்டுவது உருளைக் கத்தி மெஷினா என்று நீங்கள் எழுதவில்லை. சுழல் கத்தி என்றால் நுனி கிழிந்து வெளுக்கும். உருளையில் வெட்டும் உயரத்தை 6 மில்லிமீட்டர் வையுங்கள். கத்திக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே செய்தித்தாளை விட்டால் சுத்தமாக நறுக்க வேண்டும், மடக்கக் கூடாது.

முரட்டுப்புல் திட்டுகளை மருந்தால் துரத்த முடியாது, அதுவும் அருகுதான். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி எடுத்து, உங்கள் தரையிலேயே மெல்லிசாக இருக்கும் ஓரத்திலிருந்து பத்தை வெட்டிப் பதியுங்கள்.