ஜவுளிக்கடையிலிருந்து காக்கிக்கு: பயோடேட்டாவின் முதல் மூன்று வரி

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயது. பி.காம். முடித்துவிட்டு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருடமாக ஃப்ளோர் சூப்பர்வைசர். எனக்குக் கீழே 14 பேர். போலீஸ் வேலைக்குப் போகவேண்டும் என்று எஸ்.ஐ. (சப்-இன்ஸ்பெக்டர்) தேர்வுக்குப் படிக்கிறேன். அதுவரை ஒரு மருத்துவமனையில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேரலாம் என்று பார்க்கிறேன். பயோடேட்டாவில் 'குறிக்கோள்' என்ற இடத்தில், 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன்' என்று எழுதியிருக்கிறேன். சேலை விற்றதைத் தவிர எனக்கு அனுபவம் இல்லை. இது போதுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: போதாது தம்பி. இதே வரியை நீங்கள் வங்கிக்கும் அனுப்பலாம், மருந்துக் கம்பெனிக்கும் அனுப்பலாம். எந்த வேலைக்கு, ஏன் வருகிறீர்கள் என்பது அதில் இல்லை. துறை மாறி வருகிறவரின் பயோடேட்டாவை எடுத்ததும், 'துணிக்கடைக்காரர் இங்கே எதற்கு?' என்றுதான் முதலில் தோன்றும். அந்தக் கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் இருக்கவேண்டும்.

'சேலை விற்றதைத் தவிர' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விளக்குத்தூணில் நடக்க முடியுமா? அந்தக் கூட்டத்தை ஆறு வருடம் படிக்கட்டில் நெரிசல் இல்லாமல் ஏற்றி இறக்கியிருக்கிறீர்கள். அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுத குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு மைக்கில் அறிவித்திருப்பீர்கள். பையில் சேலையை மறைத்தவரைச் சத்தம் போடாமல் தனியே அழைத்துப் பேசியிருப்பீர்கள், சிசிடிவி பதிவை எடுத்து போலீசிடம் கொடுத்திருப்பீர்கள். பாதுகாப்பு வேலை என்பது இதேதான். ஒரு நோட்டை எடுத்து இப்படி நடந்ததையெல்லாம் எழுதுங்கள். எத்தனை முறை என்றும் எண்ணுங்கள். மூன்று என்றால் மூன்று என்றே போடுங்கள். நேரில் கேட்டால் மூன்றையும் சொல்லத் தெரியவேண்டும்.

அப்புறம் அதிலிருந்து மூன்று வரி எடுங்கள். உதாரணத்துக்கு:

'ஜவுளிக்கடையில் ஆறு ஆண்டுகள் தளப் பொறுப்பாளராக 14 பேரை வழிநடத்தியிருக்கிறேன். பண்டிகைக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, திருட்டைக் கவனித்து சிசிடிவி பதிவோடு காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது ஆகியவற்றில் நேரடி அனுபவம் உண்டு. இந்த அனுபவத்தோடு உங்கள் மருத்துவமனையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராகப் பணிபுரிய விண்ணப்பிக்கிறேன்.'

பதவியின் பெயர் கண்டிப்பாக வரட்டும். 'சிறு வயது முதல் காக்கிக் கனவு' வேண்டாம். கனவு உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஆள் எடுப்பவருக்கு அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆங்கிலத்தில் கேட்டாலும் முதலில் தமிழில் எழுதிவிட்டு மாற்றுங்கள். அப்போதுதான் அது உங்கள் வரியாக இருக்கும். மருத்துவமனை ஏஜென்சி மூலம் ஆள் எடுத்தால், 2005 ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் (ஒழுங்குமுறை) சட்டப்படி அந்த ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, எஸ்.ஐ. விஷயத்துக்கு வருகிறேன். சீருடைப் பணியாளர் தேர்வாணையம் பயோடேட்டா கேட்பதில்லை, ஆன்லைன் விண்ணப்பம்தான். அங்கே குறிக்கோள் எழுத இடமே கிடையாது. ஆனால் எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 15 போக, நேர்முகத் தேர்வுக்கு 10 மதிப்பெண் இருக்கிறது. அங்கே 'நல்ல வேலையை விட்டுவிட்டு ஏன் போலீசுக்கு வருகிறீர்கள்?' என்று கேட்டால், இன்று எழுதும் இதே மூன்று வரியைத்தான் வாயால் சொல்லப்போகிறீர்கள். அதனால் மனப்பாடம் செய்யாமல், நடந்ததை நடந்தபடி சொல்லிப் பழகுங்கள்.

ஒன்றை மட்டும் அக்கறையோடு சொல்கிறேன். உங்கள் பெயரில் எப்போதாவது வழக்கு இருந்திருந்தால், முடிந்துபோனதாக இருந்தாலும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். பின்னணி விசாரணையில் தெரிந்துவிடும், மறைத்ததே வேலையைக் கெடுத்துவிடும்.

வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 30, பிற்படுத்தப்பட்டோருக்கு 32, பட்டியல் வகுப்பினருக்கு 35. உங்கள் பிரிவுக்கு எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று இன்றே கணக்குப் போடுங்கள். ஓட்டத்தையும் தள்ளிப்போடாதீர்கள்: 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். நாள் முழுக்கக் கடையில் நிற்கிற கால்களுக்கு ஓடிப் பழகச் சில மாதமாவது ஆகும். வாரத்தில் நான்கு நாளாவது கடை திறக்கும் முன் ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்குப் போய்விடுங்கள்.