வெறும் திருப்பிப் படுக்கவைப்பது

அன்புள்ள ஐயா,

சேலத்தில் பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு படிக்கிறேன். கடைசிப் பயிற்சிக்கு எந்தப் பிரிவு வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். தோழிகள் எல்லோரும் ஐ.சி.யூ. கேட்டுவிட்டார்கள். வெளிநாட்டு வேலைக்கு அதற்குத்தான் மதிப்பாம். அம்மா பிரசவ வார்டு நல்லது என்கிறார். எனக்குப் பொது மருத்துவ வார்டு பழகிய இடம். ஆனால் அங்கே வெறும் திருப்பிப் படுக்கவைப்பது, டெம்பரேச்சர் பார்ப்பது, மாத்திரை கொடுப்பதுதான் வேலை. கடைசி வாரங்கள் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஜெர்மன் மொழி வகுப்பிலும் சேரட்டுமா?

ம., சேலம்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் நண்பர் ஒருவரின் தாயாரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இடுப்பெலும்பு முறிந்து வீட்டில் கிடக்கிறார். விலை உயர்ந்த காற்றுப் படுக்கை, தலைமாட்டில் பழங்கள், சுவரில் புதிய தொலைக்காட்சி. போர்வையை விலக்கிக் குதிகாலை மட்டும் யாரும் பார்த்திருக்கவில்லை. கறுத்துப் போயிருந்தது. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் உங்களுடைய ‘வெறும்’ வந்து சேர்ந்தது. ஆகவே கொஞ்சம் திட்டுவேன்.

தோழிகளை விடுங்கள். அம்மாவின் யோசனையையும் விடுங்கள். பிரசவ வார்டில் அவர் படுத்திருந்தவர், இரவெல்லாம் நின்றிருந்தவர் அல்ல. ஆனால் ‘வெறும் திருப்பிப் படுக்கவைப்பது’ என்று எழுதினீர்களே, என்னம்மா எழுத்து அது? நான்கு வருடம் படித்தவர் எழுதுகிற சொல்லா?

2003 மே மாதம் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பச்சைக் கோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் எண்ணாகத் தெரிந்தன. பணம் தீர்ந்து வேறொரு மருத்துவமனையின் பொது வார்டுக்கு மாற்றியபோது, வேட்டியை மாற்ற வந்த நர்ஸ் அவரை ஒருக்களித்து வைத்தார். முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து கிடந்தது. அந்த ஒன்பது நாளில் எந்தக் கருவியும் அதைச் சொல்லவில்லை.

ஐ.சி.யூ. மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையில் படுக்கைப்புண் வரும் ஆபத்து அங்கேதான் அதிகம். அங்கே மணி பார்த்துத் திருப்புகிற நல்ல நர்ஸ்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். வேலை கற்கும் வயதில் கண் திரையில் பழகிவிட்டால் பிறகு போர்வைக்குள் பார்க்காது என்பது என் கட்சி. திரையை நம்பாமல் கண்ணால் பார்ப்பதைக் காஷுவாலிட்டிகூடக் கற்றுத்தரும். பாம்பு கடித்து வந்தவரின் ரத்தத்தை 2 மில்லி எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்திருந்து சாய்த்துப் பார்க்கிறார்கள் அல்லவா? உறையாமல் ஓடினால் விரியனின் விஷம் உள்ளே வேலை செய்கிறது என்று பொருள். அதற்கும் கண்ணும் கடிகாரமும்தான் வேண்டும்.

எங்கே விட்டேன்? அந்த நர்ஸ். ஏற்காட்டுக்காரர். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்து இரவு வேலை பார்த்துவிட்டுக் காலை பஸ்ஸில் திரும்புவார். என் அப்பா 80 கிலோ, அவர் அதில் பாதி இருந்தால் அதிகம். ஆனாலும் ஒருநாளும் அப்பாவை இழுத்ததில்லை. இடுப்புக்குக் கீழே குறுக்காக ஒரு துணி, நீங்கள் டிரா ஷீட் என்பீர்கள், அதன் ஒரு முனையை என் கையில் கொடுத்துத் தூக்கச் சொல்வார். “இழுத்தால் தோல் படுக்கையிலேயே தங்கிவிடும், எலும்பு மட்டும் நகரும் தம்பி” என்றார். முழுவதும் ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும் என்று முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வாகத்தான் வைப்பார். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி. அம்மா பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து தேய்க்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். அழுந்திய இடத்தைத் தேய்த்தால் உள்ளே இன்னும் கெடுமாம்.

உங்கள் பாடத்தில், புண் வருமுன் தோல் சிவக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது என்று படித்திருப்பீர்கள். வெள்ளைத் தோலுக்கு அது சரி. என் அப்பாவின் நிறத்தில் சிவப்பை எங்கே தேடுவது? அந்த நர்ஸ் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா, இல்லை மாவாகக் குழைகிறதா என்று. டார்ச் விளக்கு கையில் இருந்தும் புறங்கையைத்தான் நம்பினார்.

ஒவ்வொரு முறையும் திருப்புவதற்கு முன் குனிந்து, “ஐயா, இடது பக்கம் போகலாமா?” என்று கேட்பார். பதில் வராது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் திருப்புவார்.

ஜெர்மன் படியுங்கள், எனக்கென்ன ஆட்சேபம். ஆனால் உங்கள் தோழிகளிடம் ஒன்று சொல்லுங்கள். நம் ஊரில் உறவினர் தலையில் கட்டிவிடும் குளிப்பாட்டுதல், ஊட்டுதல், திருப்பிப் படுக்கவைத்தல் எல்லாம் அங்கே நர்ஸின் வேலை. திருப்பிப் படுக்கவைப்பதற்குப் பாடத்திலேயே ‘லாகெருங்’ என்று தனிப் பெயர் உண்டு. அங்கே போய் ‘வெறும்’ என்று சொல்லிப் பார்க்கட்டும்.

படிவத்தில் மருத்துவ வார்டு என்றே எழுதுங்கள். அதற்கு முன் ஒருநாள் இரவு அந்த வார்டுக்குப் போய், போர்வையை விலக்கிப் பார்க்கிற சிஸ்டர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கீழே நில்லுங்கள்.

அப்பாவை வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நர்ஸ் தினசரி நாள்காட்டித் தாளின் பின்புறம் நேரம் குறித்துக் கொடுத்தார். பிறகு மூன்று வருடம் அப்பா இருந்தார். பழைய புண் ஆறிய இடம் தவிர உடம்பில் இன்னொரு புண் இல்லை. அவர் போன பிறகும் பல மாதம் அம்மா நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். உங்களுக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று அந்தத் தாளை நேற்று முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

“தாள் எதற்கு? பத்துக்கு இடது, பன்னிரண்டுக்கு மல்லாந்து, இரண்டுக்கு வலது, நாலுக்கு மறுபடி இடது. எழுதிக்கொள்” என்றார்.