ரொறன்ரோவில் பனி தள்ள பழைய டிராக்டர்: கோலரா, ஓனனா?
பனி தள்ள உங்கள் தம்பி பழைய டிராக்டர் வாங்கப் பார்க்கிறார், கோலர் எஞ்சின் பூட்டியதா, ஓனன் எஞ்சின் பூட்டியதா நல்லது என்று கேட்டிருந்தீர்கள். ஒற்றைச் சிலிண்டர், 14 குதிரைவலு கோலர் கே321 நல்ல நிலையில் இருந்தால் அதையே எடுக்கச் சொல்லுங்கோ. இரட்டைச் சிலிண்டர், 18 குதிரைவலு ஓனனுக்கு வலு கூட, பட்டு மாதிரி ஓடும். ஆனால் பழுதானால் பாகம் தேடி அலையவேணும், விலையும் கடிக்கும். கோலரின் வார்ப்பிரும்புச் சிலிண்டரை, தேய்ந்தால், உள்ளே கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடலாம்.

ஓனன் பூட்டிய ஜோன் டியர் 318 டிராக்டர் சூடானபின் ஒரு சிலிண்டர் அடிக்குதில்லை என்று எழுதியிருந்தீர்கள். எக்ஸோஸ்ட் வால்வு சீட் (புகை வெளியேறும் வால்வு அமரும் வளையம்) தளர்ந்திருக்கலாம். அந்த ஓனனில் இது பழைய கதை.

பார்க்கப் போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்க்கட்டும். இளஞ்சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார். ஆறும்வரை ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரட்டும். அப்புறம் ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, அரை மணி ஓட்டி, நிறுத்தி, உடனே திரும்ப ஸ்டார்ட் பண்ணவேணும். ஓனன் என்றால், அந்தச் சூட்டோடு இரண்டு சிலிண்டரிலும் கம்பிரஷனை (உள்ளே காற்று அமுங்கும் அழுத்தத்தை) கேஜ் வைத்து அளந்தால் வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும்.

கோலருக்கு அந்த கேஜ் சரிவராது. இலகுவாக ஸ்டார்ட் ஆக வால்வை லேசாகத் திறந்துவிடும் அமைப்பு இருப்பதால் நல்ல எஞ்சினும் குறைவாகவே காட்டும். பிளைவீலை, எஞ்சினோடு சுற்றும் அந்தப் பாரச் சில்லை, ஓடும் திசைக்கு எதிராகக் கையால் சுற்றட்டும்; கம்பிரஷன் நல்லதென்றால் அது கையைத் திருப்பி உதைக்கவேணும். ஒயில் பம்பும் இல்லை, ஒயிலை அள்ளித் தெளிக்கிற எஞ்சின். ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக் பார்க்காவிட்டால் பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் போய்விடும். குளிருக்கு 5டபிள்யூ-30 ஒயில் விடட்டும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து எழுதுகிறேன், பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஈரப்பனிக்கு கோலரின் 14 குதிரைவலு காணுமா என்பதை அங்கே ஓட்டுகிறவரிடம் கேளுங்கோ.